புரபோசலில் இடம் கிடைக்காத ஆயா

மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேலை ஒரு புடவையால் போனது. ஆண்டுவிழாவுக்கு ஆசிரியைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் புடவை கட்ட வேண்டும், அதைச் சொந்தக் காசில் எடுக்க வேண்டும், அதுவும் பாலியஸ்டராக இருக்க வேண்டும் என்று தாளாளர் சொன்னார். காஞ்சிபுரத்தில், அப்பாவும் சித்தப்பாவும் தறியில் உட்காருகிற வீட்டில் பிறந்தவளிடம் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். அடுத்த மாதம் ஓர் அறக்கட்டளையின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்தது அலுவலகம். செயலாளர் வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நிலத்தில் பாதியை மனைப்பிரிவாக்கி விற்றுவிட்டு நகரத்துக்கு வந்தவர். கட்சியில் ஒரு பொறுப்பு வைத்திருந்தார். பொறுப்பு என்று ஒன்று வந்துவிட்டால் பின்னாலேயே ஓர் அறக்கட்டளையும் வந்துவிடுகிறது, கல்யாணமானால் பீரோ வருவதுபோல. என் சான்றிதழ்களை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இங்கிலீஷ் எம்.ஏ.தானே மா நீ? அது போதும். புரபோசல் எழுதணும். எழுதி அனுப்புனா கம்பெனிக்காரன் ஃபண்டு குடுப்பான். அவ்ளோதான் வேலை."

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன எதுவும் பிற்பாடு அவ்வளவாக மட்டும் இருந்ததில்லை.

நான் சேர்ந்த அடுத்த வாரம் பிள்ளையார்பாளையத்துப் பக்கமிருந்து நெசவுக்காரப் பெண்கள் சிலர் அலுவலகத்துக்கு வந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்துப் பேசியது ஒரே ஒருத்தி. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். நான் பள்ளியில் வேலை பார்த்தது தெரிந்து அவள் என்னை டீச்சர் என்றாள். இடுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் செயலாளரின் மேசை மணியை எட்டி எட்டி அடித்துக்கொண்டிருந்தான்.

"இவன்தான் சார். போன வாரம் கத்திரிய எடுத்து தறியில இருந்த பாவு நூல நறுக்கிட்டான். கட்டி ரெண்டு நாள்கூட ஆவாத பாவு. அறுந்துபோன இழையெல்லாம் ஒவ்வொண்ணா புடிச்சி முடிச்சி போடவே நாள் பூரா போச்சி. அவரு புள்ளைய அடிச்சாரு. நான் அவர அடிச்சேன். எங்க தெருவுல வீட்டுக்கு வீடு இதே கதைதான். குழித்தறியில காலத் தொங்கவுட்டுக்கினு உக்காந்துட்டா சட்டுனு எழுந்திரிக்க முடியுமா சொல்லுங்க? அதுக்குள்ள இவன் தெருவுக்கு ஓடிடறான்."

"அங்கன்வாடி இருக்குது இல்ல?" என்றார் செயலாளர்.

"இருக்குது. சின்னதுங்கள சேத்துக்க மாட்டாங்க. பெருசுங்களையும் மத்தியானம் சோறு போட்டு அனுப்பிடறாங்க. மத்தியானத்துக்கு மேலதான் தறியில கை ஓடும். எங்களுக்கு ஒரு ரூம்பு, ஒரு ஆயா. காலைல வுட்டுட்டு விளக்கு வைக்கற நேரத்துக்குக் கூட்டிக்கினு வந்துடுவோம். வேற ஒண்ணும் வேணாம்."

எனக்கு அது அந்த நிமிடமே புரிந்துவிட்டது. செயலாளருக்கும் புரிந்தது. புரிந்த விஷயத்தை எப்படி யாருக்கும் புரியாதபடி எழுதுவது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் என்னை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் ஒரு தொழிற்சாலை, லாபத்தில் ஒரு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டத்தின்படி, யாருக்காவது கொடுத்துத் தீர்க்கக் காத்திருந்தது. கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கொடுக்கும். கேட்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆலோசகர் சென்னையிலிருந்து வந்தார். ஊரில் குளிர்சாதனம் உள்ள ஓர் ஓட்டல் அரங்கில் பயிற்சி. இளைஞர்தான். கைத்தறிச் சட்டை, மடிக்கணினி மூடியில் ஊர்ப்பட்ட ஒட்டுப்படங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'பேசிக்கலி' என்று ஆரம்பித்தார்.

முதலில் இலக்கு, குறிக்கோள் இரண்டுக்கும் வித்தியாசம் சொன்னார். இலக்கு என்பது பெரியது, தூரத்தில் இருப்பது, நம்மால் மட்டும் அடைய முடியாதது. குறிக்கோள் என்பது சின்னது, திட்டக் காலத்துக்குள் அடையக்கூடியது, அளக்கக்கூடியது. தமிழில் இரண்டும் ஒன்றுதான். அகராதியில் ஒன்றுக்கு அர்த்தம் தேடிப்போனால் அது மற்றதைக் கைகாட்டும். ஆனால் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றதில் எழுதினால் முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுவார்களாம்.

பிறகு செயல்பாடு, வெளியீடு, விளைவு, தாக்கம் என்று நாலு படி. பயிற்சி நடத்துவது செயல்பாடு. பயிற்சி பெற்றவர்களின் தலைக்கணக்கு வெளியீடு. அவர்கள் கற்றதைக் கையாள ஆரம்பித்தால் விளைவு. ஊரே மாறிவிட்டால் தாக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "சமைக்கறது செயல்பாடு, சாம்பார் வெளியீடு, வயிறு நெறையறது விளைவு, ஏப்பம் தாக்கம். சரியா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சொற்கள் எதுவும் முட்டாள்தனமானவை அல்ல. பணம் கேட்கிறவனிடம், இதனால் என்ன மாறும், மாறியது என்று எப்படித் தெரியும் என்று கேட்பது நியாயம்தான். என் அப்பாவிடம் யாராவது கடன் கேட்டு வந்தால் அவரும் அதைத்தான் கேட்பார். கேட்டு முடித்த பிறகு அவர் பதிலுக்குக் காது கொடுப்பார். அங்கேதான் வேறுபாடு.

திரும்பி வந்து ஒரே பக்கத்தில் எழுதினேன். தெருவில் தாய்மார் தறியில் இருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஓர் அறை, ஓர் ஆயா, பால், சோறு, பாய், அறைக்குள்ளேயே ஒரு கழிப்பறை. இவை இருந்தால் போதும் என்று, அலங்காரம் எதுவும் சேர்க்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுதினேன். செயலாளர் பயிற்சிக்கு வந்த ஆலோசகரையே இந்தத் திட்டத்துக்கும் அமர்த்தியிருந்தார். அவர் என் பக்கத்தைப் படித்துவிட்டு, நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லப்போகும் மருத்துவரைப்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இதுல ப்ராப்ளமே இல்லையே."

"புள்ளைங்கள வுட எடமில்ல சார். அதுதான் பிரச்சினை."

"இல்ல மேடம். 'க்ரெஷ் இல்ல'ங்கறது ப்ராப்ளம் கிடையாது. அது உங்க சொல்யூஷன் இன்னும் வரலைங்கறது, அவ்ளோதான். அதுக்குப் பின்னாடி ஒரு ப்ராப்ளம் இருக்கணும்."

"பையன் பாவ நறுக்கிட்டான் சார்."

"அது ஒரு சம்பவம். அத ஒரு பாக்ஸ்ல போட்டுக்கலாம், போட்டோவோட."

வெள்ளைப் பலகையில் ஒரு மரம் வரைந்தார். பிரச்சினை மரம் என்று அதற்குப் பெயர். அடிமரத்தில் பிரச்சினை, கிளைகளில் பிரச்சினையால் வரும் கேடுகள், வேர்களில் காரணங்கள். வேரை நோக்கி ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனார். பிள்ளையைப் பார்க்க ஏன் ஆளில்லை? இருவரும் தறியில் இருப்பதால். ஏன் இருவரும் தறியில் இருக்கிறார்கள்? நெய்தால்தான் கூலி என்பதால். ஏன்? ஏன்? கடைசியில் வேரில் அவர் எழுதியது: 'அழிந்துவரும் பாரம்பரியக் கலை.' எழுதிவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். அவருக்கே கண் கலங்கிவிடும்போல இருந்தது.

"இதுக்கு ஃபண்டு வரும் மேடம். அழியறதுக்குத்தான் எல்லாரும் குடுப்பாங்க."

அன்று வீட்டுக்குப் போய், நெசவு அழிந்துகொண்டிருக்கிறதாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தறியை நிறுத்தாமலே கேட்டார்: "அப்பிடியா? முகூர்த்த சீசனுக்கு முன்ன முடிச்சிக் குடுன்னு மொதலாளி தெனம் ஆளனுப்பிக்கினு இருக்கானே. அவங்கிட்ட யாராவது சொன்னா தேவல."

முன்மொழிவில் அடுத்தது சமூகப் பங்கேற்பு என்ற பகுதி. பயனாளிகளைக் கூட்டி, திட்டத்தைப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, படம் எடுத்து இணைக்க வேண்டும். தெருவில் அக்காவின் அண்ணன் வீட்டு முன்னறையில் பெண்கள் கூடினார்கள். காப்பகத்துக்கு அந்த அறையையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அக்காதான். "வாடகைய கொஞ்சம் கூடவே போட்டு எழுது டீச்சர். எங்கண்ணன் ஒண்ணும் சும்மா குடுக்கறவன் கெடையாது" என்று என் காதில் சொல்லியும் வைத்திருந்தாள். அக்காவை நான் தியாகி என்று சொல்லவில்லை.

ஆலோசகர் தயாரித்த ஆங்கில வாசகத்தை நான் தமிழில் சொல்ல வேண்டும். அகராதித் தமிழில் சொல்லித் தொலைத்தேன். "இந்தத் திட்டத்தின் பங்குதாரர்களாகிய நீங்கள்" என்று ஆரம்பித்ததுமே ஒருத்தி கை தூக்கினாள்.

"பங்குதாரர்னா? லாபத்துல எங்களுக்கு எவ்ளோ பங்கு?"

"லாபம் இல்ல மா. சம்பந்தப்பட்டவங்கன்னு அர்த்தம்."

"சம்பந்தப்பட்டவங்கன்னே சொல்லேன். பங்குன்னா பயமா இருக்குது. கடை நஷ்டத்துல முழுவுனா பங்குதாரர் வீட்டுக்குத்தானே மொதல்ல வருவாங்க?"

'தாக்கம்' வந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். யாரை எப்போது தாக்கப்போகிறோம் என்று கேட்டாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்குவதற்குள் நான் 'நலிவுற்ற குடும்பங்கள்' என்ற வரியைப் படித்துவிட்டேன். அக்காவின் முகம் மாறியது.

"எவ நலிஞ்சவ? அத அடி. என் நாத்தனாருக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம். நலிஞ்ச வீடுன்னு எழுதி அதுல கையெழுத்து வேற போட்டு எந்தக் கம்பெனிக்கோ குடுத்தா, நாளைக்கு வரவன் காதுல வுழாதா? ஊரு இன்னா அவ்ளோ பெருசா?"

அடித்தேன். மறுநாள் ஆலோசகர் அதைத் திரும்பச் சேர்த்தார். அவர்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியாதே என்றார். அந்த வார்த்தை இல்லாமல் மதிப்பெண் விழாதாம். இப்படியாகத் தெருவே ஒருமனதாக மறுத்த ஒரு சொல், தெருவின் கையெழுத்தோடு ஸ்ரீபெரும்புதூருக்குப் போனது. அந்தப் பகுதியின் தலைப்பு, பங்கேற்பு.

அடுத்து கம்பெனி அதிகாரி நேரில் வந்தார். வடக்கத்திக்காரர். கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் குங்குமம். வரும் வழியில் இரண்டு கோயில் பார்த்துவிட்டு வந்திருந்தார். தறியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பல கோணங்களில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அவர் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி, நெசவாளரிடமே நேராக வாங்கினால் புடவை விலை எவ்வளவு குறையும் என்பது. அவர் மனைவிக்காம். நான் மொழிபெயர்த்தேன்.

"பாவும் ஜரிகையும் மொதலாளியோடது. நாங்க கூலிக்கு நெய்யறோம்னு சொல்லு. புடவை வேணும்னா கடைக்குப் போவச் சொல்லு. காந்தி ரோட்ல இருக்குது வரிசையா" என்றாள் அக்கா.

அவர் சற்றே ஏமாந்து, அதன்பின் திட்டத்துக்கு வந்தார். நீடித்த தன்மை பற்றிக் கேட்டார். கம்பெனி ஓராண்டுக்குத்தான் பணம் தரும். அதற்குப் பிறகு எப்படி நடக்கும், எங்கள் வெளியேறும் திட்டம் என்ன என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா என் பக்கம் திரும்பி, "இன்னா டீச்சர் இது, இன்னும் வந்தே சேரல, எப்பப் போவலாம்னு கேக்கறாரே" என்றாள். அதிகாரி, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆலோசகர் முந்திக்கொண்டார். சமூகமே இதைத் தன்னுடையதாக ஏற்று நடத்தும் என்று உறுதி சொல்கிறாள் என்றார். அதிகாரி மனம் நெகிழ்ந்து அக்காவைக் கும்பிட்டார். அக்காவும் கும்பிட்டாள். அவருக்கு ஏதோ உறைத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சில வாரங்களில் ஒப்புதல் வந்தது. செயலாளர் எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார். நான் பாதுஷாவைக் கையில் வைத்துக்கொண்டே திருத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தேன். அறை வாடகை கிடையாது. அசையாச் சொத்து தொடர்பான செலவைக் கம்பெனி ஏற்பதில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடையாது. அது அரசுத் திட்டத்தோடு இரட்டிக்கும். ஆயாவின் சம்பளம் கிடையாது. அது தொடர்செலவு, நீடித்த தன்மைக்கு எதிரானது. அனுமதிக்கப்பட்டவை: தொடங்கும் முன் ஓர் அடிப்படை ஆய்வு, தொடக்க விழா, சுவரில் ஓவியம், கல்வி விளையாட்டுப் பொருட்கள், தாய்மாருக்கு விழிப்புணர்வுப் பயிற்சி, குறும்படம், முடிவில் ஒரு மதிப்பீடு, ஆலோசகர் கட்டணம். பிள்ளைகளையும் அனுமதித்திருந்தார்கள், பயனாளிகள் என்ற தலைப்பின் கீழ்.

"சார், ஆயா இல்லாத காப்பகத்துல பிள்ளைங்கள யாரு பாப்பாங்க? சுவத்துல வரைஞ்ச யானையா?" என்று கேட்டேன்.

ஆலோசகர் தொலைபேசியில் நிதானமாகப் பதில் சொன்னார். "ஆயாவ வாலண்டியர்னு போட்டுடுங்க மேடம். 'சமூகப் பங்களிப்பு'ன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. அதுக்கும் இது உதவும்."

செயலாளர் வாயில் பாதுஷாவோடு சமாதானம் சொன்னார். "மொதல்ல கதவு தொறக்கட்டும் மா. அப்பறம் கால வுட்டுக்கலாம். நான் பேசி வாங்கிக் குடுக்கறேன்."

அவர் பேசுவார் என்று நான் நம்பினேனா என்று இப்போது யோசித்தால், நம்பவில்லை. ஆனால் அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டேன்.

அடிப்படை ஆய்வுக்குக் கல்லூரிப் பெண்கள் கையில் டேப்லெட்டோடு வந்து, ஒவ்வொரு வீட்டிலும் தறியை நிறுத்தச் சொல்லி, தறி வேலையால் நேரம் எவ்வளவு போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சுவரில் யானை, முயல், கம்பெனியின் சின்னம் எல்லாம் வந்தன. சின்னம் யானையைவிடப் பெரியது. தொடக்க விழாவுக்குப் பந்தல், ஒலிபெருக்கி, சால்வைகள். கட்சிக்காரர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள். அக்காவின் அண்ணன், வாடகை பின்னால் வரும் என்ற பேச்சை நம்பி, அறையைத் திறந்துவிட்டார்.

ஆயாவாகத் தெருக்காரர்கள் ஏற்கெனவே ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐம்பது தாண்டிய பெண்மணி. முழங்கால் வலியால் தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியாமல் போய், தம்பி வீட்டில் ஒட்டிக்கொண்டு இருந்தவர். அதிகம் பேசமாட்டார். பிள்ளைகளிடம் கொஞ்சலும் கிடையாது. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிள்ளைகள் சண்டை போடாது. விழாவுக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு கோரைப்பாய் எடுத்து வந்திருந்தார். வரவுசெலவுத் திட்டத்தில் பாய்க்கு வழியில்லை. தரை சில்லிடுமே என்று அவருக்குத்தான் தோன்றியது. அதிகாரி ரிப்பன் வெட்டினார். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள், படம் எடுத்தார்கள், சாக்லேட் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"சம்பளம் எந்தத் தேதியில குடுப்பாங்க மா? தம்பிகிட்ட சொல்லணும்."

யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் பந்தலுக்கு வெளியே அதிகாரியின் காரை வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். தன்னார்வலர், சமூகப் பங்களிப்பு என்ற சொற்கள் என் வாய்வரை வந்தன. அந்த முகத்தைப் பார்த்து அவற்றைச் சொல்ல முடியவில்லை.

"சம்பளம் இல்லைங்க மா. சும்மா பாத்துக்கணும்னு எழுதியிருக்காங்க."

"யாரு எழுதுனது?"

"ஆபீஸ்ல."

அவர் கத்தவில்லை. சுவரிலிருந்த யானையைப் பார்த்தார். பிறகு குனிய முடியாமல் குனிந்து, பாயில் கிடந்த சாக்லேட் காகிதங்களைத் தட்டிவிட்டு, பாயைச் சுருட்டினார். "இது என்னோடது" என்று சொல்லி அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தெருவில் நடந்துபோனார். நான் பின்னால் போய்ப் பாயை வாங்கிச் சுமக்கலாமா என்று நினைத்தேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். செயலாளர் இருந்தார். அவள் போட்ட சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி எட்டிப் பார்த்தார்.

"யானை வரைஞ்சா புள்ள தானா குந்திக்கினு இருக்குமா? அந்தம்மாவ புடவ கட்டிக்கினு வரச்சொல்லி அசிங்கப்படுத்திட்டீங்களே! எங்கண்ணன் என்னிய கேக்கறான், வாடகை எங்கன்னு!"

"வரும் மா, வரும். ஃபேஸ் டூவுல வரும்."

"அது எந்த ஊரு பஸ்ஸு?" என்றாள்.

நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செயலாளர் அதைக் கவனித்துவிட்டார்.

விளையாட்டுப் பொருட்கள் தெருவுக்கே போகவில்லை. கம்பெனித் தணிக்கையில் காட்ட வேண்டியவை. பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடைந்துவிடும் என்று அலுவலகப் பீரோவில் பூட்டி வைத்தார்கள். அக்காவின் அண்ணன் ஒரு மாதம் பார்த்தார். பிறகு அறையில் தன் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டார். அவர் தொழில் அது. முயலின் காதுவரை கேன்கள் நின்றன.

ஆண்டு முடிவில் மதிப்பீட்டாளர் வந்தார். சோர்ந்த முகத்தோடு ஒரு நடுவயதுப் பெண்மணி. ஒரே நாளில் மூன்று மாவட்டத் திட்டங்களைப் பார்த்து முடிக்க வேண்டியவர். அவரை அலுவலகத்திலேயே உட்காரவைத்து, குறும்படம் போட்டுக் காட்டி, மதியம் சாப்பாட்டுக்கு அழைத்துப்போய் அனுப்பிவிடு என்பது எனக்குக் கிடைத்த உத்தரவு. நான் ஆட்டோ பிடித்து நேராகத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்தது. கண்ணால் பார்த்தால் எழுதுவார் என்று நினைத்தேன்.

பார்த்தார். கேன்களைப் பார்த்தார், யானையைப் பார்த்தார். அக்காவின் அண்ணன், குளிர்ந்த தண்ணீர் ஒரு தம்ளர் கொடுத்தார். இங்கே பிள்ளைகள் ஒருநாள்தான் உட்கார்ந்தார்கள், ஆயாவுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் மூடிவிட்டது என்று நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பாவம், தலையும் வலித்தது அவருக்கு.

அறிக்கை வந்தபோது நான்தான் முதலில் படித்தேன். தொடங்கப்பட்ட மையம் ஒன்று: வெளியீடு முழுமையாக எட்டப்பட்டது. மையத்தின் இடத்தைச் சமூகம் தன் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்திவருவது வலுவான உள்ளூர் உரிமையுணர்வைக் காட்டுகிறது. கற்றுக்கொண்ட பாடம்: அடுத்த கட்டத்தில் குடிநீரையும் இணைக்கலாம்.

இரண்டு முறை படித்தேன். கோபம் வரவில்லை. கோபத்துக்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது; நான் மாதாமாதம் சம்பளம் வாங்கியவள். செயலாளர் மேசையில் அலுவலகச் சாவியை வைத்துவிட்டு, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றேன்.

"உன்னால அந்தம்மாவ தெருவுக்குக் கூட்டிக்கினு போயிகூட ரிப்போர்ட்ட கெடுக்க முடியல பாரு" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பெருமைதான் இருந்தது.

இனி தெருவில் நடந்ததை, வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்ததை, சொல்ல வேண்டும். அதில் வீரம் எதுவும் கிடையாது. விழா நடந்த கொஞ்ச நாளிலேயே அக்கா அந்த முழங்கால்வலி அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவர் தம்பி மனைவிதான் கணக்காக ஒரு யோசனை சொன்னவள்: பிள்ளைக்கு இவ்வளவு என்று வாரக் கூலி வாங்கும் அன்றே கொடுத்துவிடுங்கள், எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும், சோறு அவரவர் கட்டிக் கொடுங்கள். நாத்தனார் தொல்லை குறையும், வீட்டுக்கு வரும்படியும் ஆகும் என்பது அவள் கணக்கு. முதலில் அக்காவின் பையன், இன்னும் சில பிள்ளைகள். இரண்டொரு மாதத்தில் பின்கட்டு நிறைந்துவிட்டது. அதே கோரைப்பாய்தான்.

கொடுக்க முடியாத வீடுகளும் இருந்தன. அவர்கள் பிள்ளைகள் தறியடியிலேயே கிடந்தார்கள், இப்போதும் கிடக்கிறார்கள். கம்பெனிப் பணம் ஆயாவின் சம்பளமாக வந்திருந்தால் அவர்களும் அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு ஆறாமல் இருப்பது அது ஒன்றுதான்.

ஒருநாள் ஆலோசகர் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டார். யாரோ அவரிடம் பின்கட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"மேடம், இதத்தான் நாம அன்னைக்கே எழுதினோம்! எக்ஸிட்டுக்கு அப்புறம் கம்யூனிட்டியே நடத்துது. அருமையான மாடல். நீங்க ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தா அடுத்த புரபோசல்ல சக்ஸஸ் ஸ்டோரியா வச்சிடலாம்."

"நீங்க வரதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரு இருந்தது சார். அவங்களே செஞ்சிருக்க வேண்டியத நீங்க மாசக்கணக்குல தள்ளிப்போட்டீங்க. அத வேணும்னா எழுதிக்கோங்க" என்றேன்.

"சூப்பர் மேடம். க்ரிட்டிக்கல் ரிஃப்ளெக்ஷன். அதுக்கும் ஒரு செக்ஷன் இருக்கு" என்றார்.

இணைப்பைத் துண்டித்தேன். திட்டினாலும் கட்டத்துக்குள் போட்டுக்கொள்கிறவர்களை என்ன செய்வது?

இப்போது வீட்டு முன்னறையில் டியூஷன் எடுக்கிறேன். எப்போதாவது அந்தத் தெரு வழியாகப் போவேன். போன வாரம் போனபோது பின்கட்டு வாசலில் பெரிய சண்டை. அந்த அம்மா, அதிகம் பேசாதவர் என்று நான் சொன்னேனே, குரலை உயர்த்தியிருந்தார்.

"மூக்கு ஒழுவற புள்ளைய கொண்டாந்து வுட்டா மத்ததுக்கெல்லாம் ஒட்டிக்குது. சளி புடிச்ச புள்ளைக்குத் தனி ரேட்டு. இஷ்டம்னா வுடு, இல்லாட்டி இட்டுக்கினு போ."

"ஒரு தும்மல் போட்டான், அதுக்கா?" என்று கத்தினாள் அக்கா, இடுப்பில் மூக்கொழுகும் பையனை வைத்துக்கொண்டு. தம்பி மனைவி வெளியே வந்து பாதி ரேட்டு என்று முடிவு சொன்னாள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்து உள்ளே அனுப்பிவிட்டு, நேரமாகிவிட்டது என்று தறிக்கு ஓடினாள்.